நாலே முக்கால் மணிக் காற்று

முதலில் ஐந்தரைக்கு ஓடினோம்.
அப்புறம் ஐந்து.
இந்தப் பங்குனியில் நாலே முக்கால்.
வெயில் விரட்ட விரட்ட
இருட்டுக்குள் ஒதுங்குகிறோம்.
இன்னும் கொஞ்சம் ஒதுங்கினால்
நேற்று ராத்திரிக்குள் போய்விடுவோம் என்கிறான்
மேலப்பாளையத்து ஆட்டோக்காரன் அபுதாகிர்.

வண்ணார்பேட்டை, ஆற்றுப்பாலம், ஜங்ஷன்.
பாலத்துத் தூணில்
அந்த மார்கழி வெள்ளம் ஏறிநின்ற கறை.
அதற்கு வெகு கீழே
ஆகாயத்தாமரையும் முட்டளவு தண்ணீரும்.
ஒரு வருஷம் கடைக்குள் வந்து
என் மாத்திரைகளைக் கரைத்த ஆறு
இந்த வருஷம் கால் நனைக்கக்கூட
இறங்கித் தேடச் சொல்கிறது.

மருந்துக்கடைக்காரன் நான்.
பகலில் மூச்சு விற்கிறேன்:
நீல இன்ஹேலர், இருநூறு அழுத்து.
விடியலில் அதையே ஓசியில் குடிக்கிறேன்.
உட்கார்ந்திருப்பவன் டம்ளர் டம்ளராக இழுப்பதை
ஓடுகிறவன் குடம் குடமாக இழுக்கிறான்.
குடத்தில் என்ன கிடக்கிறதோ
அதுவும் சேர்ந்தே இறங்கும்.

பொதிகையிலிருந்து வருவது தென்றல் என்று
பள்ளிக்கூடத்தில் எழுதி
ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன்.
அன்றைக்கு வந்தது வேறு காற்று.
ராமையன்பட்டிப் பக்கம்
குப்பைமேடு மூன்றாம் நாளாகப் புகைந்தது.
செருப்பு கருகும் வாசம், ரப்பர்,
அப்புறம் இனிப்பாக ஏதோ ஒன்று.
அந்த இனிப்புக்குத்தான் பயந்தேன்.

ஜெபக்கனிக்கு அடுத்த மாதம் போலீஸ் தேர்வு.
போன தடவை நானூறு மீட்டரில்
மூன்று விநாடியில் போயிற்று.
அன்று இரண்டாம் வளைவில் குனிந்தவள்
முழங்காலைப் பிடித்தபடி இருமினாள்.
"வாட்சை நிப்பாட்டுங்க அண்ணாச்சி."
நிறுத்தினேன்.
அங்கே நிறுத்தமாட்டார்கள்.
கால் இடறினால் எல்லோரும் பார்ப்பார்கள்,
காற்று இடறிவிட்டதென்று
எந்த அதிகாரியிடம் சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும்
புகை வந்த வழியே ஓடினோம்.
கடைசி இரண்டு கிலோமீட்டர்
நடந்தோம் என்பதுதான் நிஜம்.
உடைமரங்களில் சாம்பல் பூத்திருந்தது.
மேட்டோரத்தில் கொக்கியால் கிளறி
பாட்டில் பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு
என்னை உடனே தெரிந்துவிட்டது.
எனக்குத்தான் நேரமாயிற்று.
மாடத்தி.
மாசம் ஒரு இன்ஹேலர்,
பாதிக் காசு கையில், மீதி அடுத்த வாரம்.
"ஓடுததுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய?"
சிரித்தாள்.
சிரிப்புக்குள் விசில் கேட்டது.
ஒரு அடிகூட ஓடாமல்
எங்கள் மூவருக்கும் சேர்த்து இரைக்கிறவள்.

அவள் காலடியில் பாதி எரிந்து சுருண்ட
மருந்துக் கவர்கள்.
ஒன்றில் என் கடை முத்திரை,
என் கையெழுத்து:
காலை ஒன்று, இரவு ஒன்று.
சாயங்காலம் கடைக்குப் பின்னால்
அட்டையைக் குவித்து
நானும் தீக்குச்சி கிழிக்கிறவன்தான்.
யாரிடமும் சொல்லவில்லை.
அபுதாகிர் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன்.
டீசல் வண்டிக்காரன், அவனும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மனு கொடுத்தோம்.
"ஓடுததுக்கு வேற இடமா இல்ல?" என்றார்
வாங்கிக்கொண்டவர்.
இடம் இருக்கிறது சார்.
வேறு காற்று எங்கே இருக்கிறது?
மனுவில் மூன்று கையெழுத்து.
நாலாவது மாடத்தியின் பெருவிரல்,
மையை விடக் கரி அதிகம்.

பதில் இன்னும் வரவில்லை.
புகை ஒருநாள் அடங்குகிறது, ஒருநாள் எழும்புகிறது.
நாலே முக்காலுக்கு வராமல்
ஐந்துக்கு நான் போய் நின்றபோது
"ஏன் லேட்டு?" என்றாள் ஜெபக்கனி.
"அட்டைப்பெட்டியெல்லாம் மடிச்சு வச்சேன்."
புரிந்ததோ என்னவோ,
வாட்சை என் கையில் திணித்தாள்.

ஓடி முடிக்கையில் விடிந்துவிடும்.
மேற்கே மலை தெரிகிறதா என்று பார்ப்போம்.
எங்களிடம் இருக்கிற கருவி அது ஒன்றுதான்.
இன்று
பாதி மலை.