இன்னும் பெயர் வைக்கவில்லை

ஓத்தியா அனுப்பிய கோப்பின் பெயர்
‘கடைசி_4_இதுதான்’.
வெளிவர ஐந்து மாதம் இருக்கிறது.
உனக்கு மட்டும் எப்படி என்கிறார்கள்
திபிலீசியின் மற்ற டீஜேக்கள்.

கெஞ்சவில்லை. காசும் இல்லை.
போன வருடம் அவன் தந்த பாட்டுக்குப்
பதில் எழுதினேன், அவ்வளவுதான்:
“மூன்றாம் நிமிடத்தில் பதினொரு பேர்
பீர் வாங்கப் போனார்கள்.”
இரண்டு வாரம் பேசவில்லை.
பிறகு வந்தது,
மூன்றாம் நிமிடம் வெட்டுப்பட்டு.

இன்று விடிகாலை நாலரை.
பாலத்தடியில் புதியதைப் போடுகிறேன்.
பேஸ் இறங்க,
ஒருத்தி செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கிறாள்.
ஒருவன் போனை உயர்த்திப் பெயர் கேட்கிறான்;
போன் உதட்டைப் பிதுக்குகிறது.
அவன் என்னைப் பார்க்கிறான்,
நான் பொத்தான்களைப் பார்க்கிறேன்.

தூணருகே, தொப்பிக்குள், ஓத்தியா.
ஆடுகிறவர்களுக்கு முதுகு காட்டி
பீர்க் கடைப் பக்கம் திரும்பி நின்று
விரல்விட்டு எண்ணுகிறான்.