பதினெட்டுக் கிலோ

பாசிக்குடாவில் கடல்
இடுப்புக்கு மேல் ஏற மனமில்லாமல்
வெகுதூரம் கிடக்கும்.
அதனால்தான் இங்கே கூட்டி வந்தாள் நுஸ்ரத் மிஸ்.
வாழைச்சேனை ஆசுப்பத்திரியில்
நீச்சல் குளமா?
கிளினிக் நாளில் எங்களுக்குக் கதிரையே பத்தாது.

காலை ஐந்தே முக்கால்.
ஹோட்டல்காரர் சாய்கதிரைகளை விரிக்குமுன்
நாங்கள் ஐந்து பேர், நோகும் முழங்கால் ஒன்பது.
பொன்னுத்துரைக்கு இடது மட்டும்தான்,
அதை அவர் பெருமையாய்ச் சொல்லுவார்.

எக்ஸ்ரேயை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.
இரண்டு எலும்புக்கு நடுவே
இருக்க வேண்டிய இருட்டு
நூலளவாய் ஒடுங்கிப் போயிருந்தது.
தேய்மானம் என்றார் டொக்டர்,
செருப்பைச் சொல்வது போல.

அந்தா தெரிகிறதே நீலக் கண்ணாடி ஹோட்டல்,
அதன் பின்பக்கத்தில்தான் பதினொரு வருசமாய்
நின்றபடி மினுக்குகிறேன்,
நாளைக்கு நாற்பது பெட்சீட்.
அங்கே ஒரு குளம் உண்டு.
இரவில் அடியில் விளக்கெரியும்.
அதில் குளித்தவர்களின் துவாய்களை எனக்குத் தெரியும்.
தண்ணீரைத் தெரியாது.

"இறங்க இறங்கப் பாரம் கழலும்" என்றாள் மிஸ்.
"தொப்புள் வரை நின்றால் பாதி.
இன்னும் கொஞ்சம் போய் நெஞ்சு வரை என்றால்
கால்வாசிதான் மிச்சம்."
நான் எழுபத்திரண்டு கிலோ.
மனக்கணக்குப் போட்டேன், பதினெட்டு.
ஈரத் துவாய்க் கூடை ஒன்றின் பாரம்.
அதை நான் தினமும் படியேற்றுகிறேன்.
ஆக, இந்தக் கடலுக்கு
என்னைத் தூக்குவது ஒரு வேலையே இல்லை.

முன்னுக்கு நட. பின்னுக்கு நட.
நண்டைப் போல் பக்கவாட்டில்.
காலை உயர்த்தினால் தண்ணீர் தள்ளும்,
விடாதே, நீயும் தள்ளு.
உம்மு குல்தூமின் அபாயா
காற்றடைத்துக் குடையாய் எழும்புகிறது.
இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு சிரிக்கிறாள்:
"அல்லாட காவல்கா, என்னையே கொண்டு போகப் பாக்குது!"
மீன்பெட்டியின் ரெஜிபோம் மூடியைக்
கட்டிப்பிடித்தபடி பொன்னுத்துரை
கடலுக்குள் சைக்கிள் மிதிக்கிறார்.
தபால் கொடுத்த கால்கள்.
எந்த வீட்டுக்கும் போகவில்லை இப்போது.

கண்ணகை மட்டும் இறங்கவில்லை.
மாற்றுடுப்புப் பையை மடியில் வைத்து
ஈரம் எட்டாத மணலில் இருப்பாள்.
யாரும் ஏனென்று கேட்கவில்லை.
இந்தக் கரையில் அதைக் கேட்பதில்லை.
முதல் கிழமையே மிஸ் சொன்னாள்,
"அப்ப நீங்க எண்ணுங்க."
எண்ணினாள்,
பள்ளிக்கூட வாய்ப்பாடு போல இழுத்து.
கள்ளம் செய்தால் பிடித்துவிடுவாள்:
"சவரியம்மா, அது எட்டுத்தான்!"

கச்சான் வீசத் தொடங்கி மூன்றாம் கிழமை
பின்னுக்கு நடந்துகொண்டிருந்தோம்,
முகம் சூரியனுக்கு, முதுகு கரைக்கு.
ஐந்து என்ற குரல் தூரத்தில் கேட்டது.
ஏழு, கொஞ்சம் கிட்ட.
நாங்கள்தான் கரையை நெருங்கினோம் என்று நினைத்தேன்.
ஒன்பது
என் தோளுக்குப் பின்னால்.

திரும்பினேன்.
சேலைக் கரையை ஒரு கையிலும்
செருப்பை மறு கையிலுமாய்
கெண்டைக்கால் தண்ணீரில் நின்றாள்.
கண் தண்ணீரில் இல்லை, எங்கள் கால்களில்.
யாரும் கை தட்டவில்லை.
உம்மு குல்தூம் சட்டென்று
இறால் விலையைப் பேசத் தொடங்கினாள்.
கண்ணகை
பத்து என்று சொல்லிவிட்டுத்தான் கரைக்குப் போனாள்.

நாங்கள் கரையேறுவதுதான் கொடுமை.
அடிக்கு அடி கடல்
எங்கள் பாரத்தைத் திருப்பித் தருகிறது,
அடகு மீட்டவளுக்கு
நிறுத்துக் கொடுப்பது போல,
ஒரு குண்டுமணி குறையாமல்.

ஏழு மணிக்கு வேலை.
இன்றைக்கு நாற்பத்தாறு பெட்சீட்டாம்.
பின்னல் நுனியில் இன்னும் உப்புத் தண்ணீர்.
மினுக்கி சூடேறும் வரை
மேசையைப் பிடித்துக்கொண்டு
வலது காலில் மட்டும் நின்று பார்த்தேன்,
மனதுக்குள் அவள் குரலில் எண்ணியபடி.

ஆறில் வரும் நோவு
எட்டில் வந்தது.