ஈடு மீட்ட வீடு

திங்கட்கிழமை காலைகளில்
காணிப் பதிவகத்து வாங்கில் இருப்பேன்.
தோம்பு புரட்டும் எழுதுநருக்கு
ஒரு பிளேன்ரீ, இரண்டு வடை.
நான் தேடுவது வழக்கில் கிடக்கும் வீடல்ல,
வங்கி ஏலம் போடப்போகும் வீடுமல்ல.
ஈடு மீட்ட வீடு.
கடனெல்லாம் இறங்கி
ஓடு முதல் அத்திவாரம் வரை
உரியவருக்கே ஆகிவிட்ட வீடு.
அங்கேதான் விலை அசையும்.
ஐந்து லட்சம் குறைத்தாலும்
விற்பவர் வெறுங்கையோடு எழும்பமாட்டார்.

அப்படித்தான் என் கொப்பியின்
பதினேழாம் பக்கத்துக்கு வந்தார்
களுவாஞ்சிக்குடி நேசமலர் குணரெத்தினம்.
பெற்றோல் செட்டுக்குப் பின் ஒழுங்கை,
இருபத்திரண்டு பேர்ச், மூன்று அறை, கல்லுக்கிணறு.
ஆதார வைத்தியசாலையில் தாதி.
வீட்டுக்கடன் பதினான்கு வருடம்,
மீட்பு உறுதி பதிந்தது போன சித்திரையில்.

மூன்று தரம் மோட்டார் சைக்கிளில் கடந்தேன்.
கேற்றில் செருகிய கரண்ட் பில்
இரண்டு நாளாய் அப்படியே இருந்தது.
தேங்காய் ஒன்று விழுந்த இடத்திலேயே
முளைவிட்டிருந்தது.
மகள் மெல்பேர்ணில் என்றார் கடைக்காரர்.
வீடு பெரிது, ஆள் இரண்டு என்று எழுதி
அடியில் கோடு இழுத்தேன்.

கணவருக்கு அழைப்பெடுத்தேன். அது பிழை.
"வளவு அவட சீதனம். கடன் கட்டினதும் அவதான்.
நான் இதுக்குள்ள இருக்கிறன், அவ்வளவுதான்"
என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.
இந்தப் பக்கத்தில் பிறந்தவன்,
உறுதியில் யார் பெயர் இருக்கும் என்று
எனக்குத் தெரியாதா?
அவசரம் அறிவைத் தின்றுவிடுகிறது.

ஒரு சீப்புக் கதலியோடு போனேன்.
இரவு வேலை முடிந்து வந்தவர்
சீருடை மாற்றாமலே
மரமுந்திரிகைக்குக் கீழே கதிரை போட்டார்.
என் கொப்பியை விரிக்குமுன்
அவர் தன் கொப்பியை விரித்தார்.

"நீங்க ஒம்பதாவது ஆள்."

பெயர், திகதி, வந்த வாகனம், சொன்ன விலை.
காய்ச்சல் அட்டை நிரப்பும் கை
நேர்கோடு பிசகாமல் எழுதியிருந்தது.
கடைசிப் பத்திக்குத் தலைப்பு: முதல் கேள்வி.

"எல்லாரும் ஒண்டையேதான் கேட்டாங்க,
ஏன் விக்கிறீங்க எண்டு.
விக்கிறன் எண்டு நான் ஆருக்குமே சொல்லல்லியே."

நாக்கு நுனியில் நானும்
அதைத்தான் வைத்திருந்தேன்.
பெரிய வீடு, பராமரிப்புச் செலவு,
மகள் இனி வரமாட்டா என்று
வழி முழுக்க ஒத்திகை பார்த்த வசனங்கள்
வாய்க்குள்ளே உலர்ந்தன.

"நீங்க வாங்கின வீடு எத்தின?"
நாலு.
"எத்தின ஈட்டில கிடக்கு?"

அரசடி, கல்லடி, நிந்தவூர், அக்கரைப்பற்று.
நாலும் வங்கியில்.
ஐந்தாவது, நான் படுத்து எழும்பும் வீடு,
அதுவும்.
சொல்லியிருக்கத் தேவையில்லை.
ஏன் சொன்னேன் என்று
திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

அவர் எழுதினார். தலைகீழாய்ப் படித்தேன்:
கடன்காரன். மறைக்கல்ல.
விலைப் பத்தியை வெறுமையாக விட்டார்.
கதலிப் பழத்தில் பாதியை
ஒரு பையில் போட்டுத் திருப்பித் தந்தார்.

பிறகு மாதம் ஒருமுறை எடுப்பேன்.
சுகம் கேட்பேன். வேலை நேரம் கேட்பேன்.
பதின்மூன்றாவது ஆள் எவ்வளவு சொன்னான் என்று
அவராகவே சொல்வார்;
என் கணக்கில் அது எட்டாத விலை.
எழுதி வைப்பேன்.

நேற்று அவரே எடுத்தார்.
கைபேசியில் பெயரைக் கண்டதும்
நெஞ்சு நொத்தாரிசு கந்தோருக்கு ஓடிவிட்டது.

"கிணத்து மோட்டர் நிண்டு போச்சு.
ஆள் ஆரும் தெரியுமா?"

ஆள் அனுப்பினேன்.
மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
பில்லை அவர் பெயருக்கே போடச் சொன்னேன்,
நான் கட்டினால் அது அட்வான்ஸ் ஆகிவிடும்.

இந்நேரம் அதையும்
என் பெயருக்கு நேரே குறித்திருப்பார்.
எந்தப் பத்தியில் என்றுதான்
எனக்குத் தெரியவில்லை.