வெள்ளித்தாள்

"தோடம்பழம், கிழமைக்கு எத்தனை தரம்?"
"மூணு" என்கிறா சில்மியா.
"பப்பாசி?"
"நெடுக."
"மீன்?"
"மீனில்லாம நாங்க சோறு தின்றயா மிஸ்ஸி?"
நான் மிஸ்ஸி இல்லை.
ஆய்வொன்றுக்கு இரத்தம் எடுக்க
சம்மாந்துறைக்கு வந்தவள்.

நுஸ்ரிக்கு எட்டு வயது.
தோளிரண்டும் காதுவரை ஏறி இறங்கும்.
முட்டு வந்த இரவுகளில்
நெஞ்சுக்குள் யாரோ உடைந்த விசிலை
ஊதி ஊதிப் பார்ப்பார்களாம்.
அவன்தான் கணக்கைத் திருத்தினான்:
"எனக்கு ஆணம் மட்டும்தான்.
மீன் வாப்பாக்கு.
அவர் மில்லுல மூடை தூக்குற."

சில்மியா நிலத்தைப் பார்த்தா.
எழுதிய மூன்றை நான் அழிக்கவில்லை,
கொஞ்ச நேரம்.
பிறகு அழித்தேன்.

இழுக்கும் மூச்சே உள்ளே துருவாகும் என்பதை
எப்படிச் சொல்ல?
வெட்டிய கத்தரிக்காய்
தண்ணியில் போடாவிட்டால் கறுக்குமே,
அப்படித்தான் என்றேன்.
"அப்ப தண்ணி எது?"
கொய்யா. வல்லாரை. நெல்லி. முட்டை.
நான் சொல்லச் சொல்ல
அவவின் விரல்கள் விலையை எண்ணின.
"உமித்தூசிதான் மிஸ்ஸி
சும்மா வருது."

ஐந்து மில்லிலீட்டர்.
அவன் அழவில்லை.
குழாயை வெள்ளித்தாளில் சுற்றினேன்.
"ஏன் மூடுறீங்க?"
"வெளிச்சம் பட்டா விற்றமின் கெட்டுப்போகும்."
"பல்ப் வெளிச்சமும்?"
"அதுவும்தான்."
யோசித்தான்.
"ஒருக்காக் காட்டுங்க. என்ட தானே."

அந்த அறையில் அதைவிட நியாயமான பேச்சு
அன்று வேறெதுவும் இல்லை.
பிரித்துக் கொடுத்தேன்.
ஜன்னலுக்கு நேரே பிடித்தான்,
அங்கால் மில்லின் புகைக்குழாய்.
"கறுப்பா இரிக்கி.
துருப்பிடிச்சிட்டா?"
"இல்ல. என்னுடையதும் இந்த நிறம்தான்."
நம்பாமல்
என் முழங்கை மடிப்பைப் பார்த்தான்.

ஐஸ்பெட்டி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனது.
அறுபத்திரண்டாம் இலக்கத்துக்கு நேரே
என் கையாலேயே எழுதியிருந்தேன்:
வெளிச்சம் பட்டது, சேர்க்க வேண்டாம்.

அறிக்கையில் பிள்ளைகள் அறுபத்தொரு பேர்.
சராசரி, விலகல்,
தசம தானம் மூன்றுவரை.

கிளினிக் நாளில் வரிசையில் நின்றான்,
கையில் நீலப் பம்ப்,
பக்கத்தில் உம்மாவின் பையில்
பழுக்காத ஒரு கொய்யா.
தூரத்திலேயே கண்டுவிட்டான்.
"மிஸ்ஸி,
எனக்கு எவ்வளவு வந்த?"