நிமி, நிமி, நிமி

கல்லூரிப் பாட்டை எழுதியது யாரென்று
கோப்பில் இல்லை.
பாடியவர்கள் அந்தக் காலத்துத் தமிழ்த்துறைப் பெண்கள் ஏழு பேர்.
கேசட்டில் இருந்ததைச் சிடிக்கு மாற்றினார்கள்.
சிடி மேல் யாரோ டீ கிளாஸை வைத்து இழுத்தார்கள்.
அவ்வளவுதான் வரலாறு.

"கற்குன்றம் காவல் நிற்கக் கற்க வந்தோம்"
என்று ஒழுங்காகத் தொடங்கும்.
அடுத்த அடியில்
தலை நிமி
நிமி
நிமி
அப்புறம் ஒரு கிர்ர்,
அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல்
"நடப்போம் வாரீர்."

அந்த மூன்று விக்கலுக்கும் மூன்று மிதி.
முதலில் காலை ஓங்கித் தரையில் வைத்தது
தாங்கள்தான் என்கிறது வணிகவியல்.
இல்லவே இல்லை, நாங்கள் என்கிறது புள்ளியியல்.
இதற்காக ஒருமுறை சைக்கிள் ஸ்டாண்டில்
சட்டை கிழிந்திருக்கிறது.

முதலாண்டுக்காரர்களுக்கு
அடையாள அட்டை வர அக்டோபர் ஆகும்.
மிதி முதல் வாரமே வந்துவிடும்.
தளியிலிருந்து கன்னடத்தோடு வருகிறவனுக்கும்
வேப்பனப்பள்ளியிலிருந்து தெலுங்கோடு வருகிறவளுக்கும்
பழையபேட்டை நஸ்ரீனின் உருதுவுக்கும்
இந்தப் பாட்டில் சட்டென்று புரிகிற சொல்
அர்த்தமே இல்லாத இந்தச் சொல்தான்.

ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்து
ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து
முதல் பீரியடில் தூங்குவான் திம்மராயன்.
பக்கத்து பெஞ்சு மெல்ல "நிமி" என்றால் போதும்,
கண் திறக்காமலே
முதுகு நேராகிவிடும்.

சேலத்துக்காரர்களிடம் கபடியில்
இருபத்தெட்டுப் புள்ளியில் தோற்ற அன்றும்
மூன்று மிதி மிதித்துவிட்டுத்தான் கோட்டைத் தாண்டினார்கள் நம் பையன்கள்.
ஜெயித்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
ஸ்கோர் போர்டை
இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார்கள்.

நானும் இங்கே மிதித்தவள்தான்.
இப்போது இங்கேயே கௌரவ விரிவுரையாளர்.
மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது,
கௌரவம் மட்டும் பன்னிரண்டு மாதமும்.

இந்த ஆண்டு புது முதல்வர்.
நல்ல மனிதர், சொல்லத்தான் வேண்டும்.
பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்.
கைக்காசு போட்டுப்
பாட்டையும் புதிதாகப் பதிந்து வந்தார்.
வயலின் இருந்தது.
கீறல் இல்லை.

ஆண்டு விழா. மார்ச் வெயில்.
தகரக் கூரைக்குக் கீழே இரண்டாயிரம் பேர்
வறுபட்டுக்கொண்டு எழுந்து நின்றோம்.
மைக் முனிரத்தினம் பென் டிரைவைச் சொருகினார்.

"தலை நிமிர்ந்து நடப்போம் வாரீர்"
என்று பாட்டு வழுக்கிக்கொண்டு போய்விட்டது.
நாங்கள் போகவில்லை.
நிமி.
நிமி.
நிமி.
செம்மண் தூசி முழங்கால்வரை எழும்பியது.

வயலின் அதற்குள் அடுத்த சரணத்தில்.
பின்னால் நாங்கள்.
பஸ்ஸை விட்டவர்களின் அவசரம் ஒருவருக்கும் இல்லை,
பஸ்தான் தவறாகக் கிளம்பிவிட்டது என்பதுபோல்
எங்கள் நடையிலேயே வந்தோம்.

பாட்டு முடிந்தது.
முதல்வர் வேட்டியைச் சரிசெய்து உட்காரப் போனார்.
எங்களுக்கு இன்னும் பாதி அடி பாக்கி.
வாத்தியம் இல்லாமல், சுருதி இல்லாமல்,
தகரம் அதிர
அந்தப் பாதி அடி வந்தது.
நாற்காலியைத் தொட்டவர்
தொட்டபடியே மறுபடி எழுந்தார்.

மறுநாள் வருகைப் பட்டியலில்
கையெழுத்து வாங்க அவர் அறையில் நின்றேன்.
தாளைப் புரட்டியபடி
தலை நிமிராமலே கேட்டார்:
"ஏம்மா, அது இடது காலா, வலது காலா?"

"வணிகவியல் இடது, சார்.
புள்ளியியல் வலது.
இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை."

பேனாவை மூடினார்.
மேசைக்குக் கீழே
செருப்பு ஒன்று
லேசாக நகரும் சத்தம் கேட்டது.
எந்தக் கால் என்று
எனக்குத் தெரியவில்லை.