பதினெட்டு காசு

ரூபாய்க்குப் பதினெட்டு காசு அவள் பங்கு.
பத்திரத்தில் ஏழாம் பக்கம் சொல்கிறது:
வேலை நாளில், வேலை நேரத்தில்
எந்தக் கூட்டாளியும் கணக்கைப் பார்க்கலாம்.
நகல் எடுக்கலாம், தன் செலவில்.

காசிமேட்டில் ஏலம் முடிந்து
ஐஸ் உடைக்கும் மிஷின் ஓய்ந்த நேரம்
எமரென்சியா வந்தாள்.
மூக்குக்கண்ணாடியை முந்தானையில் முடிந்திருந்தாள்.

"புக்கு ஆடிட்டர்கிட்ட போயிருக்கு" என்றார் தேசப்பன்.
புக்கு என் முழங்கைக்கு அடியில் இருந்தது.
மாதம் பதினோராயிரம் தருகிறவர் அவர்.
நான் கையை எடுக்கவில்லை.

"அப்ப இது இன்னா?"
அவள் கேட்டது என் முழங்கையை.

நகர்த்தினேன்.

அமோனியா. உப்பு. கரண்ட் பில்.
ஜெனரேட்டர் ரிப்பேர், ஒரே மாதத்தில் மூன்று தடவை.
அந்தப் பக்கம் வந்ததும் தேசப்பன்
ஃபேனைக் கூட்டி வைத்தார்.
அவள் அங்கே நிற்கவில்லை.
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு
டிசம்பர் பதினாலுக்குப் போனாள்.

பெலிக்ஸ் காரியத்துக்கு ஐஸ், ஐந்து பார்.
ஆயிரத்து நூறு.
எமரென்சியா பற்று.

கையெழுத்து என்னுடையது.
போனில் அவர் சொன்னார், எழுதினேன்.
அன்றைக்கே மாலையோடு போய் நின்று
தெருவே கேட்க அவர் சொன்னதும் தெரியும்:
"கூட்டாளி வூட்டு சாவுக்கு
ஐஸுக்குத் துட்டு வாங்குவனா நான்?"

அவள் அழுவாள் என்று நினைத்து
தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தேன்.

"துட்டு புட்சது இருக்கட்டும்.
வந்தது மூணு பாரு.
மீன்பாடி வண்டியில.
மூணாவதுல ஒரு மூலை ஒடஞ்சிருந்திச்சி.
அவர் கால்மாட்டுல வச்சாங்க."

கணக்கில் அழிக்கக் கூடாது.
பழைய எண் தெரிகிற மாதிரி
ஒரே ஒரு கோடு போடவேண்டும்.
ஐந்தின் குறுக்கே கோடு போட்டேன்.
மேலே மூன்று.
நானூற்று நாற்பது வரவு.
பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும் என்று
பேனாவைத் தேசப்பனிடம் நீட்டினேன்.
அவர் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை.

கல்மண்டபம் ஜெராக்ஸ் கடையில்
நாற்பத்தொரு பக்கம், எண்பத்திரண்டு ரூபாய்.
அவளே எண்ணிக் கொடுத்தாள்.
நான் கூடப் போயிருந்தேன்;
மூலப் புத்தகம் ஆபீசைத் தாண்டினால்
ஆள் கூட வரவேண்டும்,
அதுவும் பத்திரத்தில் இருக்கிறது.

ஜெனரேட்டர் பக்கத்தை மட்டும்
இரண்டு காப்பி எடுக்கச் சொன்னாள்.

ஆட்டோ ஏறும்போது கேட்டாள்:
"வர்ற செவ்வாயும்
வேலை நாளுதானே?"

லீவு ஒன்றும் இல்லை என்றேன்.