தொள்ளாயிரத்து நாற்பது வெள்ளி

தொள்ளாயிரத்து நாற்பது வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.
கைப்பேசிக் குறிப்பேட்டில் அதுதான் முதல் வரி.
இரண்டாவது: கிராஃபிக்ஸ் கார்டு.
அதற்குக் கீழே எழுதியதெல்லாம்
பலமுறை அழிபட்டவை.

இரவு ஷிஃப்ட், உட்லண்ட்ஸ்.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடைக்குள்
சிலிக்கான் தட்டுகளைப் பெட்டி பெட்டியாக
எண்ணி அனுப்புகிறேன்.
ஒரு தட்டில் எத்தனை சில்லு, சில்லு எத்தனை வெள்ளி,
அந்தக் கணக்கை மட்டும் போடுவதில்லை.
போட்டால் பகலில் தூக்கம் வராது.

பக்கத்து இயந்திரம் ஹாஃபிஸுடையது.
நாசி லெமாக் மடித்த தாளிலேயே எழுதிக் கொடுத்தான்:
"பிராசசர் போன தலைமுறை போதும்.
மதர்போர்டில் பவுசு காட்டாதே.
பவர் சப்ளையில் மட்டும் பிசினாறியாக இருக்காதே.
எங்கள் வீட்டில் ஒன்று புகைந்தது,
திரைச்சீலை இன்னும் நாறுகிறது."

சிம் லிம் ஸ்குவேரில் படிக்கட்டு ஏற ஏற
கண்ணாடிக்குள் வண்ணம் மாறி மாறி எரிகிறது,
தீபாவளிச் சிராங்கூன் சாலை மாதிரி.
வெளிச்சத்துக்கு நாற்பது வெள்ளி கூடுதல்.
எரியாத கறுப்புத் தகரப் பெட்டியைக் காட்டினேன்.
கடைக்காரர் தியோ கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"தம்பிக்கா?"
"எனக்கு."
ஐந்து வெள்ளி குறைத்தார்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

நினைவகம் பதினாறு ஒன்றா, எட்டு இரண்டா?
எட்டு இரண்டு.
சந்தை நாளில் ஒரே ஒரு கவுண்டர் திறந்து வைத்தால்
வரிசை எதுவரை போகுமென்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கார்டு மட்டும் கடையில் கட்டுப்படியாகவில்லை.
பழையது ஒன்று, பொங்கோலில். விற்பவர் நவீந்திரன்.
கதவு திறந்தால் தரையெல்லாம்
பூட்டாத தொட்டிலின் நட்டும் சட்டமும்.
மூலையில் அவர் கணினி
கடைசி முறையாக ஓடிக்கொண்டிருந்தது.
இருபது நிமிடச் சோதனை. எழுபத்திரண்டு டிகிரி.
கோடு விழவில்லை, மினுக்கவில்லை.
"சுரங்க வேலைக்கு விட்டதே இல்லை," என்றார்.
"எந்தச் சுரங்கம்?" என்றார் மனைவி,
வயிற்றில் கைவைத்தபடி.
முந்நூறு கேட்டார். இருநூற்றெண்பது என்றேன்.
"டயப்பர் விலை உனக்குத் தெரியாது. தொண்ணூறு."
பழைய துண்டில் சுற்றித் தந்தார்.
மின்தூக்கி மூடுவதற்குள்,
"மாதம் ஒருமுறை தூசு தட்டு," என்றார்.

பிறகு மூன்று சம்பளம்.
நடுவில் அம்மாவின் கடைவாய்ப்பல்லுக்கு நூற்றறுபது போனது,
பவர் சப்ளை ஒரு மாதம் தள்ளிப்போனது.
கார்டு என் அலமாரியில்,
புடவைகளுக்கு நடுவே, அதே துண்டுக்குள்.

ஜூலை. ஹவ்காங். தங்கை போர்வைக்குள்.
பிராசசரை வைக்கும்போது மூச்சு விடவில்லை.
மேலே பட்டாணி அளவு பசை.
நினைவகம் 'க்ளக்' என்றதில்
தங்கை ஒருமுறை புரண்டாள்.

இரவு ஒன்று ஐம்பது. பொத்தான்.
விசிறிகள் சுழன்றன.
திரை கறுப்பு.
கழற்றி மாட்டினேன். கறுப்பு.
தொள்ளாயிரத்து முப்பத்தாறு வெள்ளிக்கு
நான் வாங்கிய கறுப்பு.

நவீந்திரனுக்கு அனுப்பிய செய்தியில்
மரியாதைச் சொல் ஒன்றுமில்லை.
உடனே அழைத்தார். பின்னால் ஒரு குழந்தை
வீறிட்டுக்கொண்டிருந்தது.
"திரை கேபிள் எங்கே இருக்கிறது?"
சொன்னேன்.
"அது போர்டு. கார்டில் சொருகு. கீழே."

எழுத்து வந்தது,
பொடிப்பொடியாக, வெள்ளையாக.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"இரு. போனைப் பெட்டிப் பக்கம் பிடி."
பிடித்தேன். விசிறி இரைந்தது.
அங்கே அழுகை விக்கலானது,
விக்கல் இடைவெளிவிட்டது, நின்றது.
"எட்டு மாதம் உள்ளே இருந்து
இதைத்தான் கேட்டாள்," என்றார், மெதுவாக.

விண்டோஸ் இன்னும் ஏற்றவில்லை.
பெட்டியின் மூடியும் போடவில்லை.
கை வலித்தது.
மறுகைக்கு மாற்றிக்கொண்டேன்.